சூசையப்பருக்குப் பத்து ஜோடி சப்பாத்து

மாணவர் பணியகத்தின் பணப்பெட்டிச் சாவியை வாங்கிக்கொள்ளப் போகிற பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நல்ல வார்த்தை எனக்கு அவ்வளவாக வராது. எனக்கு வருவது சிரிப்பு. அதுவும் சிரிக்கவே கூடாத இடத்தில்தான் வரும். பயந்தால் சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு நாக்கு வறளும். எனக்கு வயிற்றுக்குள்ளிருந்து கிளுகிளுவென்று கிளம்பிவிடும். என்னைப் பொருளாளர் ஆக்கியதே இந்தச் சிரிப்புதான். முதல் கூட்டத்தில் பங்குச் சாமியார் கடன் பட்டியலை வாசித்தபோது எல்லாரும் முகத்தைத் தொங்கப்போட்டார்கள். நான் மட்டும் சிரித்தேன். இந்தப் பெண்ணுக்குத் துணிச்சல் இருக்கிறது என்று தப்பாக நினைத்து, சாவியை என் கையில் கொடுத்துவிட்டார்.

மலாயாவில் வெள்ளைக்காரச் சர்க்காருக்கும் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கும் சண்டை மூண்டு, அவசரகாலம் நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. எனக்கு இருபத்திரண்டு வயது. மலாக்கா டவுனில் தமிழ்ப் பள்ளி டீச்சர். பள்ளி விட்டதும் பணியகத்துக்கு ஓடுவேன். பணியகம் என்றால் இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிற மாதிரிக் கண்ணாடி அறை இல்லை. கோயில் மண்டபத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை, ஒரு மேசை, ஒரு தகரப்பெட்டி. ரப்பர் தோட்டங்களிலிருந்து டவுனுக்குப் படிக்க வந்த கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு, புத்தகம், பஸ் காசு, பரீட்சைக் கட்டணம் எல்லாம் அந்தப் பெட்டியிலிருந்துதான் போகவேண்டும்.

இனிமேல் நான் செய்த தவறைச் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். கணக்குப் புத்தகத்தில் நான் வைத்த தலைப்புகள்! அந்தோணியார் பேரால் ஏழைகளுக்குச் சாப்பாட்டுக் காசு போடுகிற வழக்கம் நமக்கு உண்டு இல்லையா, அதற்கு ‘அந்தோணியார் ரொட்டி’ என்று எழுதினேன். அது சரி, உலகம் முழுக்க அப்படித்தான் சொல்கிறார்கள். நான் அதோடு நிற்கவில்லை. பிள்ளைகளுக்குக் காலில் போடச் சப்பாத்து வாங்கினால், இயேசுவை வளர்த்த புனித ஜோசப் பேரால் ‘சூசையப்பர் சப்பாத்து’. செத்துப்போனவர்களின் ஆத்துமாக்களுக்காகப் பூசை வைக்கச் சொல்லிக் கொடுத்த காசு ‘உத்தரிக்கிற ஸ்தலம்’. பேர் சொல்ல விரும்பாமல் யாராவது கொடுத்தால் ‘ஒரு பாவி’. எவ்வளவு பக்தியான கணக்கு என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். எங்களைத் தவிர வேறு யாரும் அந்தப் புத்தகத்தைப் படிக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தக் காலத்தில் இது எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்குத் தெரியாது. காட்டுக்குள் இருந்து சண்டை போட்டவர்களுக்குத் தோட்டத்து ஜனங்களிடமிருந்து அரிசி, காசு, சப்பாத்து எதுவும் போய்ச் சேரக்கூடாது என்று சர்க்கார் கங்கணம் கட்டிக்கொண்டிருந்தது. தோட்டத்து வாசலில் முள்கம்பி, ரோட்டில் தடை, பையைக் கொட்டிச் சோதனை. ஒரு பொட்டலம் சோற்றோடு பிடிபட்டாலே விசாரணைதான். கையில் அடையாளக் கார்டு இல்லாதவன் வீட்டை விட்டு இறங்கவே பயந்தான்.

கார்டு என்றதும் நடேசண்ணனைச் சொல்லிவிட வேண்டும். போலீசில் மொழிபெயர்ப்பாளர். இந்து. டவுனில் மாரியம்மன் கோயில் கமிட்டிக்குச் செயலாளர் வேறு. நான் சொல்லப்போகிற சம்பவத்துக்கு இரண்டு மாதம் முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை பணியகத்துக்கு வந்தார். வாசலிலேயே நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே வந்து, இரண்டு பத்து வெள்ளி நோட்டை மேசையில் வைத்தார். அவருடைய அடையாளக் கார்டு ஒன்பது நாள் காணாமல் போயிருந்ததாம். தொலைந்த உடனே ரிப்போர்ட் பண்ணவேண்டும் என்பது சட்டம். போலீசில் வேலை செய்கிறவரே பண்ணவில்லை. பண்ணினால் வேலைக்கே ஆபத்து. தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர் என்று யாரோ சொல்லி, அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டிருக்கிறார். மறுநாளே கிடைத்துவிட்டது. எங்கே? மாரியம்மன் கோயில் கமிட்டியின் தீர்மானப் புத்தகத்துக்குள்! நான் சிரித்த சிரிப்பில் அவரும் சிரித்துவிட்டார். பேரை மட்டும் எங்கேயும் எழுதிவிடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். எழுதமாட்டேன், யாரிடமும் சொல்லவும் மாட்டேன் என்று வாக்குக் கொடுத்து, ‘ஒரு பாவி, இருபது வெள்ளி’ என்று எழுதினேன்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். செலண்டார் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிறவரின் மகள் ஞானம்மா டவுனில் படித்துக்கொண்டிருந்தாள். பள்ளியின் கடைசிப் பரீட்சைக்கு நாற்பத்திரண்டு வெள்ளி கட்டவேண்டும். அன்றைக்குச் சாயந்திரம் நாலு மணிக்குள் கட்டாவிட்டால் அவள் பேர் பட்டியலில் போகாது. போகாவிட்டால் மறுவாரமே அவளும் அம்மாவோடு பால்வாளி தூக்கவேண்டியதுதான். அடுத்த வருடம் வரை அவளை டவுனில் வைத்திருக்க அந்த வீட்டால் முடியாது. தகரப்பெட்டி காலி. சாமியார் சிங்கப்பூர் போயிருந்தார். தோட்டத்தில் முந்தின நாள் சம்பளம் போட்டிருந்தார்கள். ஆகவே நான் பள்ளிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, காலை பஸ் பிடித்துப் போய், தொழிலாளிகள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்து வீடுகளில் ஏறி இறங்கினேன். ஒரு வெள்ளி, அரை வெள்ளி, இருபது காசு என்று நாற்பத்தாறு வெள்ளி சேர்ந்தது. இடுப்பில் சுருக்குப்பை, கையில் கணக்குப் புத்தகம், மனசுக்குள் ஒரே கொண்டாட்டம்.

ரோட்டுத் தடையில் பஸ் நின்றது. அரிசி தேடி என் பையைக் கொட்டிய மலாய்க்காரப் போலீஸ்காரருக்கு அரிசி கிடைக்கவில்லை. சில்லறைக் காசாக நாற்பத்தாறு வெள்ளியும் ஒரு தமிழ்ப் புத்தகமும் கிடைத்தன. லயம் லயமாகப் போய்ச் சில்லறை வசூலித்துக்கொண்டு வருகிற ஒரு பெண்! காட்டுக்காரர்களுக்கு வசூல் நடந்த விதமும் அச்சாக இதேதான். பஸ் போய்விட்டது. நான் ஸ்டேஷனுக்குப் போனேன்.

அங்கே இளவயது வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் இருந்தார். எனக்கு இங்கிலீஷ் கேட்டால் புரியும். பேச நாக்கு ஒத்துழைக்காது. எப்படியும் வாக்குமூலம் என் தாய்மொழியில்தான் எடுக்கவேண்டும், டவுனிலிருந்து மொழிபெயர்ப்பாளர் வரட்டும் என்று உட்கார வைத்துவிட்டார்கள். ஒரு மணி. ஒன்றரை. சுவர்க் கடிகாரத்துக்கு நேர் எதிரே எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். இரண்டேகாலுக்கு மொழிபெயர்ப்பாளர் உள்ளே வந்தார்.

நடேசண்ணன்!

என்னைப் பார்த்தார். மேசை மேல் கிடந்த புத்தகத்தைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. எனக்கோ அடிவயிற்றில் சிரிப்பு புறப்பட்டுவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

புத்தகத்தைத் திறந்து படித்துச் சொல்லும்படி அதிகாரி உத்தரவு போட்டார். அண்ணன் படித்தார். அந்தோணியாருக்கு மாதாமாதம் ரொட்டி. அதிகாரி பென்சிலை எடுத்தார். யார் இந்த அந்தோணி, எங்கே இருக்கிறான்?

“டீச்சர், தொர கேக்குறாரு. அந்தோணியாரு எங்க இருக்காருன்னு.”

“அண்ணே, அவரு செத்து எழுநூறு வருசமாச்சுன்னு சொல்லுங்க.”

சொன்னார். அதிகாரி பென்சிலைக் கீழே வைத்தார். செத்தவனுக்கா மாதாமாதம் ரொட்டி கொடுக்கிறீர்கள்? அவர் பேரால் கொடுக்கிறோம், அவருக்கு இல்லை என்று விளக்கினேன். அதை மொழிபெயர்த்தபோது, அவன் பேரில் வேறு யாரோ வாங்கிக்கொள்கிறார்கள் என்று ஆகிவிட்டது. ஆபத்து இன்னும் பெரிதானது.

அடுத்த வரி, சூசையப்பருக்குப் பத்து ஜோடி கேன்வஸ் சப்பாத்து. ஒரு மனிதனுக்கு எதற்குப் பத்து ஜோடி, என்ன அளவு என்று கேட்டார். அளவு எழுதி வைத்திருந்தேனே! நாலு, ஐந்து, ஏழு, ஆளுக்கொரு காலுக்கு ஏற்ற மாதிரி. நான் சிரித்தேவிட்டேன். வாசலில் நின்ற சார்ஜெண்ட், இவளுக்கு மூளை சரியில்லை போல என்று மலாயில் முணுமுணுத்தது எனக்கு நன்றாகக் கேட்டது.

உத்தரிக்கிற ஸ்தலம் என்ற வரியில் அண்ணன் தடுமாறிவிட்டார். அவருக்கு அது என்னவென்றே தெரியாது. என்னிடம் கேட்டார். செத்துப்போனவர்கள் மோட்சம் போகும் முன்னால் பாவம் தீர வேதனைப்படுகிற இடம், நாம் பூசை வைத்தால் சீக்கிரம் வெளியே வருவார்கள் என்றேன். அண்ணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, அது ஒரு மாதிரியான லாக்கப் சார், உள்ளே இருப்பவர்களை வெளியே எடுக்க இவர்கள் காசு கட்டுகிறார்கள் என்று சொல்லிவைத்தார். ஐயோ சாமி!

அதிகாரி எழுந்து நின்று தொகுத்துச் சொன்னார். ரொட்டி வாங்குகிற ஓர் அந்தோணி இருக்கிறான். பத்து ஜோடி சப்பாத்து வாங்குகிற ஒரு ஜோசப் இருக்கிறான். எங்கேயோ அடைபட்டிருக்கிற ஆட்களை மீட்கப் பணம் போகிறது. பிறகு விரலை ஒரு வரியில் வைத்தார். அந்தப் பக்கத்திலேயே பெரிய தொகை அதுதான். இருபது வெள்ளி கொடுத்த இந்த ஆள் யார்?

அண்ணன் அந்த வரியைப் பார்த்தார். என் கண்ணைப் பார்க்காமல், மேசைக் காலைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“யாரு டீச்சர், அந்தப் பாவி?”

இந்த இடத்தில் நீங்கள் எல்லாரும் சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். ஆனால் கடிகாரம் மூன்றடிக்கப் பத்து நிமிடம். டவுனுக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம். பள்ளி ஆபீஸ் ஜன்னல் முன்னால் ஞானம்மா நின்றுகொண்டிருப்பாள். அதிகாரி முடிவாகச் சொல்லிவிட்டார்: இந்த ஆள் பேரைச் சொன்னால் விசாரித்துவிட்டுக் காசைக் கொடுப்பேன், சொல்லாவிட்டால் காசும் இங்கேதான், நீயும் இங்கேதான்.

அந்த நிமிடத்தில் என் மண்டைக்குள் என்னவெல்லாம் ஓடியது என்பதை உங்களுக்கு மறைக்காமல் சொல்கிறேன். முதலில், ஏதாவது ஒரு பேரை அடித்துவிடலாமே என்று தோன்றியது. மாரிமுத்து என்று சொன்னால் போயிற்று. ஆனால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனை மாரிமுத்து! அன்று சாயந்திரத்துக்குள் பத்து மாரிமுத்துகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருப்பார்கள். இரண்டாவது, உண்மையையே சொல்லிவிடலாம். பாவி இதோ உங்கள் பக்கத்தில் நிற்கிறார் சார் என்று விரலை நீட்டினால் ஒரே நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. கொடுத்தவர் போலீஸ்காரர் என்றால் சந்தேகம் ஏது? ஞானம்மா பரீட்சை எழுதுவாள். அண்ணனுக்கு மட்டும், ஏன் நேர்ந்துகொண்டாய், எதைத் தொலைத்தாய் என்று கேள்வி வரும். கார்டு விஷயம் வெளியே வரும். அவருக்கு மூன்று பிள்ளைகள். ஒரு பெண்ணின் பரீட்சை ஒரு பக்கம், ஒரு குடும்பத்தின் சோறு ஒரு பக்கம். இதில் எதைத் தள்ளுவது என்று தீர்மானிக்கிற புத்தி எனக்கு அப்போது இல்லை, இப்போதும் இல்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வாக்குக் கொடுத்திருந்தேன். அதை உடைக்கிற உரிமை காசு கொடுத்தவருக்குத்தான் உண்டு, வாங்கின எனக்கு இல்லை.

“சொல்ல மாட்டேன் அண்ணே. கொடுத்தவரு கேட்டுக்கிட்டாரு. அவரு நல்ல மனுசன், காட்டுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அவ்வளவுதான் சொல்லுவேன். தொர என்ன வேணும்னாலும் செஞ்சுக்கட்டும்.”

சொல்லும்போதே ஞானம்மாவின் முகம் வந்துவிட்டது. சிரிப்பு போய் அழுகை வந்துவிட்டது எனக்கு.

என்ன சொல்கிறாள் என்று அதிகாரி கேட்டார். மறுபடியும் கேட்டார். அண்ணன் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே, தெளிவான இங்கிலீஷில் மொழிபெயர்த்தார்.

“அந்த ஆள் என்று என்னைத்தான் சொல்கிறாள், சார்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் எங்கே அப்படிச் சொன்னேன்! நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்து, வராத இங்கிலீஷை வரவழைத்து, “நோ சார், ஐ நாட் சே, ஐ நாட் சே” என்று கத்தினேன். அதிகாரி என்னையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார். சாட்சி இல்லை என்கிறாள், மொழிபெயர்ப்பாளர் ஆமாம் என்கிறார். பாவம், அந்த மனிதருக்கு அப்படி ஒரு விசாரணை அதற்கு முன்னால் வாய்த்திருக்காது.

உட்காரும்மா என்று அண்ணன் கையமர்த்திவிட்டு, எல்லாவற்றையும் அவரே சொல்லிவிட்டார். கார்டு தொலைந்தது, ஒன்பது நாள் மறைத்தது, நேர்ந்துகொண்டது, இருபது வெள்ளி கொடுத்தது. அந்தோணியார் யார் என்பதையும் சூசையப்பர் யார் என்பதையும் சேர்த்தே சொன்னார். சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்து மேசையில் வைத்தார். எங்கே கிடைத்தது என்று அதிகாரி கேட்டார்.

“எங்கள் மாரியம்மன் கோயில் புத்தகத்துக்குள், சார்.”

“கத்தோலிக்கப் புனிதர் இந்துக் கோயிலுக்குள் போய்த் தேடினாரா?”

“அவர் எங்கேயும் தேடுவார், சார்.”

அதிகாரி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் இரண்டும் குலுங்கின. எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனால் திரும்பியபோது முகம் பழையபடி இறுகிவிட்டது. கார்டு விஷயத்தை எழுதத்தான் வேண்டும் என்றார். எழுதினார். புத்தகத்தை முழுக்க மொழிபெயர்க்கவேண்டும் என்று வைத்துக்கொண்டார். சுருக்குப்பையை என் பக்கம் தள்ளினார். மணி மூன்று பத்து. இனி பஸ் பிடித்தால் நடக்காது என்று நான் அழுதேன். சார்ஜெண்டைக் கூப்பிட்டு, இந்தப் பெண்ணை ஜீப்பில் கொண்டுபோய் விடு என்றார்.

மலாக்கா ரோட்டில் அந்த ஜீப் பறந்த பறப்பை இப்போது நினைத்தாலும் எனக்குத் தலை சுற்றும். பள்ளிக்கூட வளாகத்துக்குள் போலீஸ் ஜீப் புகுந்ததும் மைதானத்தில் இருந்த பிள்ளைகள் சிதறி ஓடினார்கள். ஜன்னலை மூடப்போன கணக்கெழுதும் கிராணி, சார்ஜெண்ட் இறங்குவதைப் பார்த்துவிட்டு இரண்டு கதவையும் விரியத் திறந்து எழுந்து நின்றுவிட்டார். நாலடிக்க இன்னும் மூன்று நிமிடம். நாற்பத்திரண்டு வெள்ளியைச் சில்லறையாகக் கொட்டினேன். அவர் எண்ணி முடிக்க நாலு பத்தாகிவிட்டது. சார்ஜெண்ட் பக்கத்திலேயே நின்றதால் தாமதம் என்று அவர் வாயைத் திறக்கவில்லை. பகல் பன்னிரண்டிலிருந்து தூணோரம் நின்றுகொண்டிருந்த ஞானம்மா ரசீதை வாங்கினாள்.

“அக்கா, எம் பேரு சரியா இருக்கான்னு பாருங்க லா, எனக்குக் கண்ணு தெரியல” என்றாள். அழுதால் எப்படித் தெரியும்? இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதோம், பிறகு சிரித்தோம், சார்ஜெண்ட் தலையில் அடித்துக்கொண்டு ஜீப்பை எடுத்தார்.

அவள் பரீட்சை எழுதினாள், பாஸ் பண்ணினாள். நான் கணக்குத் தலைப்புகளை எல்லாம் மாற்றினேன். உணவு, சப்பாத்து, பரீட்சைக் கட்டணம் என்று மொட்டையாக எழுதக் கற்றுக்கொண்டேன். நம்மை நம்புகிறவர்கள் கணக்குப் புத்தகத்தைத் திறந்தே பார்க்கமாட்டார்கள் பிள்ளைகளே. திறப்பவன் சந்தேகப்பட்டுத்தான் திறப்பான். அவனுக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள். புனிதர்களைப் பீடத்தில் விட்டுவிடுங்கள். பேர் வேண்டாம் என்று யாராவது கொடுத்தால், அதை வாங்கும் முன்னாலேயே நன்றாக யோசியுங்கள். வாங்கிவிட்டால் பிறகு யோசிக்காதீர்கள்.

அண்ணனுக்கு வேலை போகவில்லை. ஒரு வருடச் சம்பள உயர்வு போயிற்று, டவுனை விட்டுத் தள்ளிக் கடலோரத்தில் இருக்கிற கோலா சுங்கை பாருவுக்கு மாற்றமும் வந்தது. சாமியார் திரும்பி வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். இருவருமாகப் பேசி, அந்த உயர்வுப் பணத்தைப் பணியகமே கொடுப்பதென்று முடிவு செய்தோம். உறையை எடுத்துக்கொண்டு நான் பஸ் ஏறிப் போனேன். வீட்டு வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். உறையைத் தொடவே இல்லை. உங்களால்தான் அந்தப் பெண் பரீட்சை எழுதினாள், நான் வாயைத் திறக்காமல் இருந்து எல்லாவற்றையும் கெடுக்கப் பார்த்தேன் அண்ணே, நான் பேரைச் சொல்லியிருந்தாலும் இதே முடிவுதானே என்றேன்.

கையிலிருந்த மீனைத் தட்டில் போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இல்ல டீச்சர். நீங்க மட்டும் நெசமாவே எம் பேரச் சொல்லியிருந்தீங்கன்னா, நான் வேற ஒருத்தன் பேரத்தான் மொழிபெயர்த்திருப்பேன்.”